சூப்பர்மேனா, கேப்டன் மார்வெலா? ஒரு பழைய பங்காளிச் சண்டை

1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் அட்டையில் சூப்பர்மேன் ஒரு பச்சைக் காரைத் தலைக்குமேல் தூக்கிப் பாறையில் மோதுகிறார். 1940 பிப்ரவரி தேதியிட்ட ‘விஸ் காமிக்ஸ்’ அட்டையிலும் கார்தான். கேப்டன் மார்வெல் அதைச் சுவரில் வீசியடிக்க, உள்ளே இருந்தவர்கள் தெறித்து விழுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஈயடிச்சான் காப்பி என்றுதான் தோன்றும். நானும் வெகுநாள் அப்படியே நம்பியிருந்தேன், உள்பக்கங்களைப் படிக்கும் வரை.

சூப்பர்மேன் வேற்றுக் கோளிலிருந்து வந்தவர். நிருபர் கிளார்க் கென்ட் அவருடைய வேஷம். கேப்டன் மார்வெலோ பில்லி பேட்சன் என்ற அநாதைச் சிறுவன். சுரங்க ரயில் பாதைக்குள் ஒரு கிழ மந்திரவாதியைச் சந்திக்கிறான், ‘ஷசாம்’ என்கிறான், இடி இறங்குகிறது, வளர்ந்த வீரனாகிவிடுகிறான். மறுபடி அதையே சொன்னால் பழையபடி சிறுவன். சாலமன், ஹெர்குலிஸ், அட்லஸ், ஜீயஸ், அகிலிஸ், மெர்க்குரி ஆகிய ஆறு பேரின் ஆங்கில முதலெழுத்துகளே அந்த மந்திரம். சூப்பர்மேனைப் பையன்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பில்லியாகவோ அவர்களே மாறிக்கொள்ளலாம், ஒரு சொல் தெரிந்தால் போதும்.

கற்பனை வளத்தில் என் ஓட்டு கேப்டன் மார்வெலுக்கே. 1943 முதல் 1945 வரை 25 அத்தியாயங்களாக ஓடிய தொடரின் வில்லன் மிஸ்டர் மைண்ட். உலகையே ஆட்டிவைக்கும் அந்தக் குரல் யாருடையது என்று பார்த்தால், கழுத்தில் ஒலிபெருக்கி தொங்கவிட்டு மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு புழு! சி. சி. பெக்கின் கோடுகள் எளிமையானவை, ஓட்டோ பைண்டரின் கதைகள் குறும்பானவை. 1940களின் நடுவில் சூப்பர்மேனையே விற்பனையில் முந்தினார் கேப்டன்.

விற்பனையில் முந்தியவர் ஏற்கெனவே வழக்கில் சிக்கியிருந்தார். சூப்பர்மேனைக் காப்பியடித்ததாக, கேப்டனை வெளியிட்ட ஃபாசெட் நிறுவனத்தின் மீது சூப்பர்மேனின் பதிப்பாளர்கள் 1941இல் வழக்குத் தொடுத்தார்கள். முதல் சுற்றில் ஃபாசெட்டுக்குச் சாதகம்; 1951இல் மேல்முறையீட்டு நீதிபதி லர்னட் ஹேண்ட் அதைப் புரட்டிப்போட்டார். அதற்குள் சூப்பர்ஹீரோ சந்தையும் படுத்துவிட்டது. 1953இல் ஃபாசெட் 4,00,000 டாலர் கொடுத்துச் சமாதானமாகி, கேப்டனை மூட்டைகட்டியது. பைண்டர் எதிர்முகாமுக்கே எழுதப் போனார். 1959இல் சூப்பர்கேர்ள் பிறந்ததில் அவருக்கும் பங்குண்டு. விரட்டியவன் வீட்டிலேயே வேலை!

பெயர் விஷயம் அதைவிட வேடிக்கை. கேப்டன் உறங்கிக்கொண்டிருந்தபோது, 1967இல் மார்வெல் நிறுவனம் அதே பெயரில் வேறொரு நாயகனை இறக்கி வணிகப் பெயரைப் பிடித்துக்கொண்டது. 1973இல் டிசி நிறுவனம், அதாவது வழக்குப் போட்டு விரட்டிய அதே தரப்பு, அவரை உரிமம் பெற்றுத் திரும்பக் கொண்டுவந்தபோது, இதழின் தலைப்பில் அவருடைய பெயரையே போட முடியவில்லை, ‘ஷசாம்!’ என்றுதான் வந்தது. முதலில் பெக்கே வரைந்தார். கதைகள் பிடிக்காமல் விலகிவிட்டார். இடையில் பல முறை புதுப்பித்தார்கள். அவற்றில் ஜெர்ரி ஆர்ட்வேயின் 1990களின் பதிப்பு தேறும். மற்றவற்றைத் தாண்டிப் போகலாம்.

சூப்பர்மேன் பக்கம் இந்தத் தடுமாற்றமே இல்லை. 2018இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 1000ஆவது இதழைத் தொட்டது. சலிப்பூட்டும் ஆண்டுகள் உண்டு, நீண்ட இடைவெளி மட்டும் விழவில்லை. அறம் என்று பார்த்தால் அங்கும் மெச்ச ஒன்றுமில்லை: உருவாக்கிய சீகலும் ஷஸ்டரும் 130 டாலருக்கு உரிமையை விற்றுவிட்டு, 1975 வரை ஓய்வூதியத்துக்கும் படைப்பாளிகள் என்று பெயர் போடப்படுவதற்கும் காத்துக்கிடந்தார்கள்.

அறுபடாத வரலாறு வேண்டுமானால் சூப்பர்மேனை வாங்குங்கள். பத்து வயதுக் குழந்தைக்குக் கொடுப்பதானால் அந்தப் புழுக் கதைதான். 2012இல் டிசி நம் கேப்டனின் பெயரையே ஷசாம் என்று மாற்றிவிட்டது. பழைய விதிப்படி பார்த்தால், யாராவது பெயர் கேட்டு அவர் பதில் சொன்னால் போதும். இடி இறங்கும், எதிரே நிற்பது பில்லி.