‘ரிஸ்டோர்’ பண்ண டேனிஷ் தேக்கு சேர்னு 14,500 குரோனர் போச்சு, கோபன்ஹேகன்ல இருக்கவங்க உஷாரா இருங்க

14,500 குரோனர். நம்ம ஊர் காசுக்கு ஒன்னே முக்கால் லட்சத்துக்கு மேல. அவ்வளவையும் குடுத்துட்டு கைப்பிடி கழண்ட ஒரு சேர ஹால்ல போட்டு வச்சிருக்கேன். நேத்து சாயங்காலம்தான் முழு உண்மையும் தெரிஞ்சது. எனக்கு வித்த ஆளு இன்னும் வித்துக்கிட்டுதான் இருக்கான், அதனால சூட்டோட சூடா எழுதிடுறேன்.

சேர் எதுன்னா ஃபின் யூல்ங்கற டேனிஷ் டிசைனர் பண்ண ஸ்பேட் சேர், மாடல் எஃப்டி 133. நியூயார்க் ஐ.நா. தலைமையகத்துல ட்ரஸ்டீஷிப் கவுன்சில் மண்டபத்த வடிவமைச்சாரே, அதே ஃபின் யூல்தான். 1950கள்ல வந்த மாடல், தேக்கு ஃப்ரேம், கைப்பிடி ரெண்டும் துடுப்பு மாதிரி அகலமா வந்து ஓரத்துல மெலிஞ்சு போகும், அந்தக் கைப்பிடிக்காகவே எனக்கு அந்த சேர் மேல ரொம்ப நாளா ஒரு ஆசை. இந்த ஊர்ல தேக்கு விளையாது, அந்தக் காலத்துல சயாம் மாதிரி இடத்துல இருந்து கப்பல்ல வந்த மரம், அப்படிப்பட்ட மரம் இப்ப லேசுல கிடைக்காதுங்கறதாலதான் பழைய சேருக்கு இவ்வளவு விலை.

பழைய சாமான் வாங்கி விக்குற ஒரு ஆப்ல விளம்பரம் பார்த்தேன். “சொந்தப் பட்டறையில முழுசா ரிஸ்டோர் பண்ணது, 1954, ஒரிஜினல் தேக்கு”ன்னு போட்டிருந்தான். நானும் என் வைஃப்பும் கோபன்ஹேகன் பக்கத்துல இருக்கிற ரோஸ்கில்ட ஊரத் தாண்டி அவன் இடத்துக்கே நேர்ல போனோம். கராஜ்தான், ஆனா சுவர் முழுக்க கிளாம்ப், இழைப்புளி, உளி எல்லாம் வரிசையா மாட்டி, எண்ணெய் வாசனை கமகமன்னு அடிக்குது. காபி குடுத்தான். இந்தியான்னதும் “உங்களுக்குத் தேக்கு பத்தி நான் சொல்லணுமா”ன்னு சிரிச்சான். சேர தலைகீழா கவுத்தி டார்ச் அடிச்சு உள்பக்கச் சட்டத்துல பதிச்சிருந்த வட்டமான மெட்டல் முத்திரையக் காட்டினான், சேர் செஞ்ச கம்பெனி பேரு ஃபிரான்ஸ் அண்ட் சோன், மேட் இன் டென்மார்க்னு இருந்துச்சு. அந்த முத்திரைய என் விரலாலேயே தடவச் சொன்னான். அதுதாங்க எங்கள நம்ப வச்சது. புதுசா எண்ணெய் போட்டிருக்கேன், நல்லா ஊறிக் காயணும், ஒரு வாரத்துக்கு யாரும் உக்காராதீங்கன்னு வேற சொன்னான், எவ்வளவு அக்கறையா வேலை பாக்குற மனுஷன்னு வைஃப் வழியெல்லாம் சொல்லிட்டே வந்தா.

ஆப்லயே பாதுகாப்பா பணம் கட்டுற வசதி இருக்கு, சாமான் கைக்கு வந்து சரின்னு சொன்னப்புறம்தான் வித்தவனுக்குப் பணம் போகும். “அதுக்கு கமிஷன் புடிப்பாங்க, நேரா ஃபோன்லயே அனுப்பிடுங்க, டெலிவரி நான் இலவசமா பண்ணித் தர்றேன்”னான். அனுப்பியாச்சு. 14,500, ஒரே நொடியில போயிடுச்சு.

ஹீட்டர் போட ஆரம்பிச்ச சீசன்ல இடது கைப்பிடி ஆட ஆரம்பிச்சது. கொஞ்ச நாள்ல என் மாமனார் கைய ஊனி எந்திரிச்சார், ஜாயின்ட் அப்படியே புடுங்கிட்டு வந்துடுச்சு, நல்லவேளை அவர் கீழ விழல. பிளந்த இடத்துல பாத்தா உள்ள மரம் வெளுப்பா, லேசா ரோஸ் கலர்ல இருக்கு. தேக்கு எந்த ஊர்லங்க இப்படி இருக்கு?

மெசேஜ் போட்டேன். முதல் பதில், “குளிர்காலத்துல வீடு காஞ்சு கிடக்கும், மரம் சுருங்கும், இது நார்மல்.” போட்டோ அனுப்பினேன். “நீங்க சேர்ல கால மடக்கி உக்காந்திருப்பீங்க, உங்க ஆளுங்க அப்படித்தானே உக்காருவீங்க”ன்னு எழுதுறான்! இதப் படிச்சப்ப வந்த கோவம் பணம் போனதுக்குக் கூட வரல. அப்புறம் “இது தனிப்பட்ட ஆள் தனிப்பட்ட ஆளுக்கு வித்தது, பார்த்தது பார்த்தபடி”ன்னு ஒரு வரி. விளம்பரத்துல சொந்தப் பட்டறைன்னு போட்டவன், பணத்தக் கேட்டதும் தனிப்பட்ட ஆள் ஆயிட்டான். கடைக்காரனா இருந்தா பழைய சாமானுக்கும் ரெண்டு வருஷம் குறை சொல்ற உரிமை இங்க சட்டத்துல தெளிவா இருக்கு, நுகர்வோர் புகார் போர்டுக்கும் போகலாம். தனி ஆளுன்னா அந்த போர்டு கேசையே எடுக்காது, கோர்ட்டுக்குத்தான் போகணும். அது தெரிஞ்சுதான் அப்படிப் பேசுறான். அதுக்கப்புறம் எல்லா மெசேஜும் படிக்கிறான், பதில் கிடையாது.

ஆப்காரங்க கிட்ட போனா “பணம் எங்க சிஸ்டத்துக்கு வெளியில கட்டியிருக்கீங்க, தலையிட முடியாது, நல்ல நாளா அமையட்டும்”னு மெஷின் பதில். பேங்க்ல “நீங்களேதான அனுமதி குடுத்து அனுப்பினீங்க”ங்கறாங்க. 14,500 குரோனருக்கு யாருமே பொறுப்பில்லையா?

நேத்து ஃபர்னிச்சர் வேலை பாக்குற ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்து பார்த்தார். கைப்பிடி அடிப்பக்கத்துல உளியால ஒரு சுரண்டு சுரண்டினார், சாயம் உரிஞ்சு வெளுப்பு தெரிஞ்சது. பீச் (beech) மரம், ஐரோப்பாவுல சாதாரணமா கிடைக்கிறது. கிட்ட வச்சுப் பாருங்கன்னு லென்ஸக் குடுத்தார், பழுப்பா குட்டிக் குட்டிக் கோடு மரம் பூரா ஓடுது, பீச்சுக்கு அதுதான் அடையாளமாம். கனத்த வச்சும் கண்டுபுடிக்க முடியாது, பீச் தேக்கை விட லேசு இல்ல. கால், பின்சட்டம் மட்டும் நிஜத் தேக்கு, அதனாலதான் வாசனையும் நிறமும் எங்கள ஏமாத்திடுச்சு. ஜாயின்ட்ல மரத்தூளும் எபாக்சிப் பசையும் குழைச்சு அடைச்சிருக்கான். தேக்குல இயற்கையாவே எண்ணெய் இருக்கும், அசிட்டோன் போட்டுத் துடைக்காம ஒட்டினா பசை சரியா புடிக்காது, அதக்கூட அவன் செய்யலன்னார் பெரியவர். முத்திரை? நெம்பினதும் வந்துடுச்சு, கீழ புதுப் பசை. வேற ஏதோ உடைஞ்ச சேர்லேர்ந்து எடுத்து வச்சிருக்கான். அந்தக் கம்பெனி பேரு 1957 வரைக்கும் ஃபிரான்ஸ் அண்ட் டாவர்கோசன், அப்புறம்தான் ஃபிரான்ஸ் அண்ட் சோன். 1954 சேர்ல அந்த முத்திரை எப்படி வரும்!

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், எழுத எழுத ஆத்திரம்தான் வருது, அதனால சுருக்கமா. ஈர எண்ணெயோட இருக்கிற சேர வாங்காதீங்க, காஞ்சப்புறம் பகல் வெளிச்சத்துல பாருங்க. கைப்பிடி அடியிலயும் ஜாயின்ட் உள்ளயும் சாயம் படாத மரத்தக் காட்டச் சொல்லுங்க, மாட்டேன்னா கிளம்பிடுங்க. வருஷமும் முத்திரையும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. விக்கிறவன் கிட்ட சிவிஆர் நம்பர் (இங்க கம்பெனிகளுக்குக் குடுக்கிற பதிவு நம்பர்) போட்ட பில் கேளுங்க. ஆப்புக்கு வெளியில ஒரு குரோனர் கூட அனுப்பாதீங்க.

இன்னைக்குக் காலையில அதே கராஜ் சுவர், அதே கிளாம்ப் வரிசை, வேற பேர்ல விளம்பரம் வந்திருக்கு. இந்தத் தடவை ரெண்டு சேர் ஜோடியா. ரோஸ்கில்ட பக்கம் யாராவது ஸ்பேட் சேருக்குப் பேசிட்டிருந்தீங்கன்னா பணம் அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, அந்தக் கைப்பிடி போட்டோ எல்லாம் அனுப்புறேன்.