பாய்மரப் படகுக்கு மின்னணுக் கருவிகள்: முதல் செலவு ரேடியோவுக்கு

கருவி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது சார்ட் ப்ளாட்டரின் (கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் கருவி) திரையை. 9 அங்குலமா 12 அங்குலமா என்று யோசித்து அதிலேயே பாதிப் பணம் போய்விடும். ரேடியோவுக்கும் அதன் கேபிளுக்கும் மிஞ்சியதுதான். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். ப்ளாட்டர் அணைந்துபோனால் காகித வரைபடமும் திசைகாட்டியும் கைகொடுக்கும். ரேடியோ செத்துப்போனால் பக்கத்தில் போகும் கப்பலைக் கூப்பிடக்கூட வழியில்லை.

வாங்க வேண்டியது 25 வாட், டி வகுப்பு டிஎஸ்சி வசதி (பொத்தானை அழுத்தி டிஜிட்டல் அழைப்பு அனுப்புவது), உள்ளேயே ஜிபிஎஸ் உள்ள விஎச்எஃப் செட், அதாவது கப்பல்களும் படகுகளும் பேசிக்கொள்ளும் ரேடியோ. மூடி போட்ட சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் 70ஆம் சேனலில் ஆபத்து அழைப்பும் படகின் இருப்பிடமும் சேர்ந்து போகும். இதற்குப் படகின் அடையாளமான 9 இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணை முதலிலேயே பதிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பொத்தான் வெறும் அலங்காரம். பழைய செட்களுக்கு வெளி ஜிபிஎஸ்ஸிலிருந்து மெல்லிய கம்பி இழுக்க வேண்டும். கம்பி நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் பலர் இணைக்காமலே விட்டுவிடுவார்கள். அழைப்பு போகும், இடம் போகாது.

இந்தக் கணக்கில் ஸ்டாண்டர்டு ஹொரைசன் ஜிஎக்ஸ்2400 நல்ல தேர்வு. ஜிபிஎஸ், ஏஐஎஸ் ரிசீவர் (மற்ற கப்பல்கள் ரேடியோவில் அனுப்பும் பெயர், இருப்பிடம், வேகத்தைப் பெறுவது), என்எம்இஏ 2000 இணைப்பு (படகின் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் தரவு வலை) மூன்றும் ஒரே பெட்டியில். இரண்டு குறைகளைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள். மற்ற கப்பல்களை அது காட்டும், உங்களை அவர்களுக்குக் காட்டாது. ஒரே ஆன்டெனா என்பதால் நீங்கள் பேசும் நேரத்தில் ஏஐஎஸ் எதையும் கேட்காது.

செட் எவ்வளவு நல்லதானாலும் தூரத்தைத் தீர்மானிப்பது ஆன்டெனாவின் உயரம். மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 2.25ஆல் பெருக்கினால் கடல் மைல் கிடைக்கும். 16 மீட்டர் பாய்மர உச்சிக்கு 9 மைல். அப்படி இரண்டு படகுகள் பேசினால் 18. நின்றபடி கையில் பிடிக்கும் வாக்கி-டாக்கிக்கு 3 மைல்தான்.

அடுத்தது கேபிள். பெரும்பாலான படகுகள் கோட்டைவிடும் இடம் இதுதான். 20 மீட்டருக்கு மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் போட்டால் 25 வாட்டில் சுமார் 10 வாட்தான் மேலே போய்ச் சேரும். தடித்த ஆர்ஜி-213இல் 16 வாட் போகும். கனமும் வளைக்கிற சிரமமும் உண்டு, ஆனாலும் அதையே போடுங்கள். உச்சியில் உள்ள கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்: செம்புப் பின்னல் பச்சை பூத்தோ கறுத்தோ இருந்தால் உப்புநீர் உள்ளே போய்விட்டது. நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது கனெக்டரைச் சால்டர் வைத்து, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் பிரிந்துவிடும். ஆன்டெனாவுக்குப் போன சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் 1.5க்குள் வந்தால் நல்லது.

பேச்சு நன்றாகக் கேட்கிறது, பேசுவதற்கான பொத்தானை அழுத்தினால் மட்டும் திரை மங்கி செட் அணைகிறது என்றால் செட்டைக் குறை சொல்லாதீர்கள். 25 வாட்டில் பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய மின்கம்பியில் வோல்டேஜ் விழுகிறது. கம்பியைத் தடிமனாக்குங்கள், ஃபியூஸ் முனைகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

இரவில் கப்பல் பாதையைக் கடப்பவர்களுக்கு உங்கள் இருப்பிடத்தையும் மற்றவர்களுக்கு அனுப்பும் ஏஐஎஸ் டிரான்ஸ்பாண்டர் அவசியம் என்றே சொல்வேன். பி வகுப்பில் 2 வாட், 5 வாட் என இரண்டு ரகம். பாய்மரப் படகின் வேகத்தில் இரண்டுமே 30 விநாடிக்கு ஒருமுறைதான் செய்தி அனுப்பும். ஆனால் 2 வாட் ரகம் காலியான இடைவெளி கிடைக்கும்வரை காத்திருக்கும். 5 வாட் ரகம் தன் இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். நெரிசலான கடலில் 5 வாட்டுக்கு மேற்செலவு செய்யலாம். ஆன்டெனாவைத் தனியாகப் படகின் பின்பக்கக் கைப்பிடிக் கம்பியில் வையுங்கள்: பாய்மரம் முறிந்தால் அதே ஆன்டெனாவை ரேடியோவுக்கு மாட்டிக்கொள்ளலாம். பெரும்பாலான கருவிகளில் எம்எம்எஸ்ஐ எண்ணை ஒருமுறைதான் பதிய முடியும், சரிபார்த்து அடியுங்கள். சிறிய மீன்பிடிப் படகுகள் பலவற்றில் ஏஐஎஸ் இருக்காது. திரையில் இல்லை என்றால் கடலில் இல்லை என்று ஆகிவிடாது.

ப்ளாட்டர் 7 அங்குலமே போதும். திரையின் அளவைவிட வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் முக்கியம். 2014 நவம்பரில் உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டியான வோல்வோ ஓஷன் ரேஸில் டீம் வெஸ்டாஸ் விண்ட் படகு இந்தியப் பெருங்கடலின் கார்கடோஸ் கராஜோஸ் திட்டில் ஏறி உடைந்தது. அவர்கள் பார்த்த ஜூம் அளவில் அந்தத் திட்டின் ஆபத்து தெளிவாகத் தெரியவில்லை. போகும் பாதை முழுவதையும் பெரிதாக்கிப் பார்த்த பிறகே நங்கூரம் தூக்க வேண்டும்.

கருவிகளை என்எம்இஏ 2000இல் இணைத்த பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு தரவுக் கம்பிகளுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 60 ஓம் காட்டினால் சரி. 120 என்றால் ஒரு முனையில் டெர்மினேட்டர் (முனையில் மாட்டும் மின்தடை) இல்லை. 40 என்றால் ஒன்று கூடுதல். பல நாள் தேடவைக்கும் கோளாறு இந்த ஒரு நிமிடச் சோதனையில் பிடிபடும்.

ஆழமானியின் டிரான்ஸ்டியூசரை (ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் பாகம்) படகின் அடிப்பகுதியில் உள்பக்கமாக ஒட்ட நினைத்தால், அந்த இடம் முழு ஃபைபராக இருக்க வேண்டும். நடுவில் ஃபோமோ பால்சா கட்டையோ இருந்தால் ஒலி கடக்காது.

செயற்கைக்கோள் வழியாக மீட்புப் படைக்கு ஆபத்துச் செய்தி அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் இபிஐஆர்பி கருவி 48 மணி நேரம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், சந்தா கிடையாது. செயற்கைக்கோள் மெசேஜர் வசதியானது, ஆனால் இதற்கு மாற்று ஆகாது. உங்கள் பெயரில் பதிவு செய்யாத இபிஐஆர்பி கூப்பிட்டால் யாருடைய படகு, எத்தனை பேர் என்று மீட்பவர்களுக்குத் தெரியாது. ரேடார் கடைசியில் வாங்கலாம்; பனிமூட்டம் அதிகமுள்ள கடல் என்றால் மட்டும் முன்னே கொண்டுவாருங்கள்.

எல்லாம் பொருத்தியதும் ஸ்பீக்கரின் காந்தம் திசைகாட்டியை இழுக்கிறதா என்று பாருங்கள். படகைக் கட்டிவைத்து, ஸ்பீக்கரை அருகே கொண்டுபோய் விலக்குங்கள். ஊசி 1 டிகிரி அசைந்தாலும் ஸ்பீக்கருக்கு வேறு இடம் தேடுங்கள்.