சுவாமிமலைக் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு
அக்கா மகள் கல்யாணம் சுவாமிமலையில், ஆறு மணி முகூர்த்தம், பத்து மணிக்கெல்லாம் பந்தியும் முடிந்துவிட்டதால் ஒரு வேன் பேசிக் கிளம்பினோம். தமிழ் வருடத்துக்கு ஒன்றாக 60 படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டு, நேரே வெண்கலச் சிலை வார்க்கும் ஒரு ஸ்தபதியின் பட்டறை. மெழுகில் செய்த அம்மனின் விரல்கள் மேல் காவிரி வண்டல் மண்ணைக் குழைத்து மெல்லப் பூசுவதை அம்மா அரை மணி நேரம் நகராமல் பார்த்தார். கட்டாயம் போங்கள்! பக்கத்தில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையோடு நிற்கும் சிற்பம் இருக்கிறது, குழந்தைகளுக்கு ஒரு உடலைக் கையால் மறைத்துக் காட்டுங்கள். பகலில் கருங்கல் தளம் காலைச் சுடும், நாலு மணிக்கு மேல் போவது நல்லது. வேன்காரர் மட்டும் பேசியதைவிட 300 ரூபாய் அதிகம் வாங்கிவிட்டார், அது பிடிக்கவில்லை.