திரையில் 2,800 ஜூல், நாய்க்குப் போனது எவ்வளவு?

நாய்களின் வலிக்கும் வீக்கத்துக்கும் ஒளி பாய்ச்சும் எங்கள் லேசர் மெஷின் கேபிள் மாற்றித் திரும்பி வந்துவிட்டது. பத்து வாட், நான்காம் வகுப்பு (லேசர்களில் வலு மிகுந்த பிரிவு), 810, 980 நானோமீட்டர் அலைநீளம் இரண்டும் சேர்ந்தது. ஆபரேஷன் முடிந்த நாய்களுக்கு இதை வாங்கலாமா என்று கேட்கிற டாக்டர்கள் எல்லோரும் முதலில் விசாரிப்பது வாட் எவ்வளவு என்றுதான். வாட்டைப் பற்றி ஒரு குறையும் இல்லை. தினமும் ஓடுகிற மெஷினில் எரிச்சலைக் கிளப்புவது திரையில் ஏறிக்கொண்டே போகும் அந்த ஜூல் எண்தான். அது பொய் சொல்கிறது.

பொய் என்பது கோபத்தில் வருகிற வார்த்தை. நியாயமாகப் பார்த்தால் அது மெஷினுக்குள் லேசரை உண்டாக்கும் டையோடு தள்ளிய ஒளியின் கணக்கு. ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல். நேரத்தால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. வழியில் ஃபைபர், லென்ஸ், காற்று, முடி, அயோடின் கறை என்று ஆளாளுக்குப் பங்கு எடுத்துக்கொள்வது அதற்குத் தெரியாது. 2,800 ஜூல் முடிந்தது என்று பீப் அடித்துவிட்டு நின்றுவிடும்.

முதல் திருடன் ஃபைபர். கேபிளுக்குள் ஒளியைக் கொண்டுபோகும் 400 மைக்ரான் கண்ணாடி இழை, மேலே உறை. விரிசல் விழுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: ஹேண்ட்பீஸின் (நாய் மேல் ஓட்டும் கைப்பிடியின்) கழுத்து, மெஷினுக்குள் நுழையும் முனை. வேலை முடிந்ததும் கொக்கியில் பெரிய வளையமாகத் தொங்கவிடாமல் கையளவு சுருட்டி மெஷின் தலையில் வைப்பதும், டிராலி சக்கரம் மேலே ஏறுவதும்தான் காரணம். ஒரேயடியாக உடைந்து தொலைந்தால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். விரிசல் விட்ட ஃபைபர் வாரக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும். ஒளி பக்கவாட்டில் கசியும், அந்த இடம் தொட்டால் சுடும், நாய்க்குப் போவது மட்டும் குறையும். இந்த முறை பத்து வாட்டில் வைத்து, வெளியே வரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரில் பிடித்தால் ஆறு காட்டியது. திரையில் ஒரு எச்சரிக்கையும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க தினமும் காலையில் அரை நிமிடம் போதும். சிகிச்சைக் கதிரைப் போடாமல், குறிகாட்டும் சிவப்பு ஒளியை மட்டும் போட்டு, ஐந்து செ.மீ. தள்ளி ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். வட்டம் முழுசாக, ஓரம் சீராக விழ வேண்டும். ஒரு பக்கம் கடித்த அப்பளம் மாதிரி இருந்தால் ஃபைபரோ லென்ஸோ கெட்டிருக்கிறது. பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு கேபிள் நெடுகப் பாருங்கள். விரிசல் இருக்கும் இடத்தில் உறைக்குள்ளிருந்து சிவப்பாகப் பொட்டு தெரியும். மாதம் ஒருமுறை பவர் மீட்டர். பத்து வாட்டில் வைத்து மீட்டர் எட்டுக்குக் கீழே காட்டினால் அன்றைக்கு மெஷினை மூடிவிடுவது நல்லது. கேபிளைக் கழற்றினால் முனைக்கு உடனே மூடி போடுங்கள். விரல் பட்ட எண்ணெய்ப் பசை அடுத்த முறை ஓட்டும்போது கருகி, கேபிளோடு மெஷின் பக்கத்து இணைப்பையும் கெடுத்துவிடும்.

அடுத்த திருடன் நாயின் மேலேயே இருக்கிறான். கறுப்பு லாப்ரடார், முழங்கால் தசைநார் கிழிந்து டிபிஎல்ஓ (கீழ்க்கால் எலும்பை வெட்டித் திருப்பி பிளேட் போடும் ஆபரேஷன்) செய்தது என்று வைத்துக்கொள்வோம். முழங்காலைச் சுற்றி 35 செ.மீ., உயரம் 10 செ.மீ., ஆக 350 சதுர செ.மீ. ஆழத்தில் மூட்டு வரை போக வேண்டும் என்பதால் ஒரு சதுர செ.மீ.க்கு 8 ஜூல். மொத்தம் 2,800. எட்டு வாட்டில் ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே பிளேட்டும் ஸ்க்ரூவும் இருப்பதால் லேசர் கூடாது என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். உலோகம் இதற்குத் தடை இல்லை. தடை, முடி. ஆபரேஷனுக்காக மழித்த தோலில் முதல் வாரம் எல்லாம் சுமுகமாகப் போகும். மூன்றாம் வாரம் கறுப்பாகக் குச்சிக் குச்சியாக முளைத்திருக்கும். முடியின் கறுப்பு நிறமியான மெலனின் ஒளியை மேலேயே விழுங்கிச் சூடாக்குகிறது. மூட்டுக்குப் போக வேண்டியது தோலில் நின்றுவிடும்.

அப்போது நாயைத்தான் பார்க்க வேண்டும், திரையை அல்ல. முதலில் தோல் ஈ உட்கார்ந்தது போல ஒரு துடிப்புத் துடிக்கும். அடுத்து காது பின்னால் போகும், நாக்கால் மூக்கை நக்கும், தலையைத் திருப்பி ஹேண்ட்பீஸைப் பார்க்கும். காலை இழுக்கிற வரை காத்திருந்தால் தாமதம். ஹேண்ட்பீஸ் போன இடத்தில் மறு கையை வைத்துப் பார்த்தால் இளஞ்சூட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கறுப்பு நாய்க்கு நான்கு வாட்டுக்கு இறக்கி, நேரத்தை இரட்டிப்பாக்கி, பன்னிரண்டு நிமிடம் பொறுமையாக ஓட்ட வேண்டியதுதான். முடியை மறுபடி மழித்துவிட்டால் இன்னும் நல்லது. வெள்ளை ராஜபாளையத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

மெஷினின் ரெடிமேட் மெனு நாயின் எடையைக் கேட்கிறது, நிறத்தைக் கேட்கிறது. தையலின் நீளத்தைக் கேட்பதே இல்லை! கருப்பை எடுத்த ஆபரேஷனில் 5 செ.மீ. தையல் என்றால் சுற்றிலும் 2 செ.மீ. சேர்த்து 36 சதுர செ.மீ., 3 ஜூல் வீதம் 108 ஜூல். இரண்டு வாட்டில் ஒரு நிமிடம்கூட ஆகாது. மெனுவை நம்பினால் எடை கூடக் கூட ஜூலும் கூடும். தையல் அதே தையல்தான். நாங்கள் மெனுவை விட்டுவிட்டு ஸ்கேல் வைத்து அளந்து கையாலேயே போடுகிறோம்.

தையல் மேல் ஹேண்ட்பீஸ் படக் கூடாது. உருளைத் தலையை வைத்து அழுத்தி ஓட்டுவது தோல் முழுசாக இருக்கும் இடத்துக்கு மட்டும். பழுப்பு அயோடினை சலைன் நனைத்த காஸால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு லேசர். களிம்பெல்லாம் அதற்குப் பிறகு. கை நொடிக்கு மூன்று முதல் ஐந்து செ.மீ. வேகத்தில், கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி வரிசை விடாமல் போக வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் சுடும். எட்டத்தில் பிடித்தால் வட்டம் விரிந்து அடர்த்தி குறையும், திரை அப்போதும் அதே ஜூலைத்தான் எண்ணும்.

கட்டி எடுத்த ஆபரேஷன் என்றால் பயாப்ஸி ரிப்போர்ட் வரும் வரை அந்த இடத்தில் லேசர் வேண்டாம். இதில் பேரமே கிடையாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுவதும் அப்படித்தான்: இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் நாயோ நாமோ இமைக்க மாட்டோம். ஸ்டீல் மேசை மேல் துண்டு விரித்து, நாயின் கண்ணையும் தடித்த கறுப்புத் துணியால் மூடிவிட்டுத்தான் பெடலை மிதிக்க வேண்டும்.

பலன் இருக்கிறதா என்றால், வீக்கம் சீக்கிரம் வடிவதும், இரண்டாம் முறையே நாய் மேசையில் தூங்கிப்போவதும் கண்ணால் பார்ப்பது. தூக்கத்துக்குப் பாதிக் காரணம் 980 தரும் வெதுவெதுப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசவில்லை. முதுகெலும்பு வட்டு ஆபரேஷன் செய்த 36 நாய்களைப் பார்த்த 2012 ஆய்வில் லேசர் பெற்றவற்றில் பாதி 3.5 நாளுக்குள் நடந்தன, பெறாதவற்றில் பாதி நடக்க 14 நாள் ஆனது. 2017-இல் வந்த இன்னொரு ஆய்வில் அப்படி வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. 2012 ஆய்வில் பயன்பட்டது மொத்தமே ஒரு வாட் என்பதைப் பத்து வாட், பதினைந்து வாட் என்று விற்க வருகிறவர்கள் சொல்வதில்லை. வலி மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்புவதும் வேண்டாம்.

ஆக, வாங்கலாமா? இந்த மாடலை வாங்க வேண்டாம். கேபிள் முனையில் வெளியே வரும் ஒளியை அளந்து காட்டுகிற மெஷின் கிடைத்தால் வாட் குறைவாக இருந்தாலும் அதை எடுங்கள். கூடவே ஒரு ஸ்பேர் கேபிளையும் அதே பில்லில் போடச் சொல்லுங்கள். அப்படியென்றால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ஒருவர் உடனே கேட்டார். கொடுப்பதாக இல்லை.