கம்பெனி மெடிக்ளெய்ம்: வேலூர் ஆஸ்பத்திரி பில்லுக்கு எவ்வளவு தாங்கும்?

ராணிப்பேட்டை சிப்காட்டிலோ ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் போனால் அரசின் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. கிடையாது. கம்பெனி எடுத்துத் தரும் குரூப் மெடிக்ளெய்ம்தான் கதி. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பில் என்ற பேச்சே இல்லை. மெடிக்ளெய்மில் போனால் பில் நாலைந்து பக்கம் வரும்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். தனி ஆளாக எடுக்கும் பாலிசியில் பழைய சர்க்கரை, பிரஷருக்கெல்லாம் காத்திருப்புக் காலம் உண்டு. குரூப் பாலிசியில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே கவர் ஆகிவிடும், பிரசவத்துக்கும் ஒரு தொகை ஒதுக்கியிருப்பார்கள். ஆபரேஷன், ஸ்டென்ட், ஐ.சி.யூ. மாதிரி பெரிய செலவில் இந்த பாலிசிகள் அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. பத்துக்கு எட்டு மார்க் தாராளமாகக் கொடுக்கலாம்.

அடி விழுவது வைத்தியத்துக்கு இல்லை, இடத்துக்கு. கட்டிடம், கட்டில், கோப்பு, துடைப்பம் எல்லாவற்றுக்கும் பில்லில் ஒரு வரி இருக்கும். ஃபைல் ஓப்பனிங், அட்மிஷன் கிட், ஹவுஸ்கீப்பிங், ஏ.சி. சார்ஜ், கையில் கட்டும் பெயர்ப்பட்டை, டிஸ்சார்ஜ் புரொசீஜர், டாகுமென்டேஷன். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஆணையத்தின் பட்டியலின்படி இவையெல்லாம் ரூம் வாடகைக்குள்ளேயே அடங்க வேண்டியவை. தியேட்டர் புக்கிங், பஞ்சு, பிளேடு போன்றவை ஆபரேஷன் கட்டணத்துக்குள் அடங்கும், ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம் சிகிச்சைச் செலவுக்குள் அடங்கும். ஆஸ்பத்திரி இவற்றைத் தனியாக எழுதினால் இன்ஷூரன்ஸ் வெட்டிவிடும், வெட்டியதை கேஷ் கவுன்டரில் நம்மிடம் கேட்பார்கள். கொடுப்பதற்கு முன், "இது ரூம் வாடகையில் அடங்காதா?" என்று இன்ஷூரன்ஸ் டெஸ்கில் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட நெட்வொர்க் ஆஸ்பத்திரி என்றால் இந்தக் கேள்விக்கு வலு அதிகம்.

வேறொரு பட்டியலும் இருக்கிறது. டயாபர், கையுறை, மாஸ்க், நெபுலைசர் கிட், துணைக்கு இருப்பவர் சாப்பாடு, ஜெராக்ஸ், மெடிக்கல் ரெக்கார்டு கட்டணம் ஆகியவற்றில் வாதம் எடுபடாது, கைக்காசுதான். பில்லில் நர்சிங் சார்ஜும் இருந்து சர்வீஸ் சார்ஜும் இருந்தால் சர்வீஸ் சார்ஜ் வராது. உள்ளே என்னவென்று சொல்லாத எந்த 'கிட்'டும் அப்படியே தள்ளுபடி. வெறுமனே 'சர்ஜரி கிட்' என்று ஒரு பெருந்தொகை போட்டிருந்தால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் தையல் நூல், ஊசி போன்றவை பாஸ் ஆக வாய்ப்புண்டு.

இதெல்லாம் சில்லறை. பெரிய ஓட்டை ரூம் வாடகைதான். பல கம்பெனி பாலிசிகளில் நாள் வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், ஐ.சி.யூ.வுக்கு 2 சதவீதம். 3 லட்சம் பாலிசிக்கு 3,000 ரூபாய். நீங்கள் 5,000 ரூபாய் ரூமில் நான்கு நாள் இருந்தால் வித்தியாசம் 8,000 என்றுதான் வீட்டில் கணக்குப் போடுவார்கள். இன்ஷூரன்ஸ் கணக்கு வேறு. தகுதி 3,000, எடுத்தது 5,000, ஆக 60 சதவீதம்தான் என்று டாக்டர் கட்டணம், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். அவை சேர்ந்து 80,000 என்றால் அதில் 32,000 போச்சு. வாடகை வித்தியாசத்தோடு 40,000. வாடகை 5,000-ஐத் தாண்டினால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. வேறு.

இந்த விகித வெட்டு எதற்கெல்லாம் கூடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. மருந்து, கன்ஸ்யூமபிள்ஸ் (பயன்படுத்தித் தூக்கிப் போடும் பொருட்கள்), உடம்பில் வைக்கும் இம்ப்ளான்ட், டெஸ்ட்டுகள், ஐ.சி.யூ. கட்டணம் இவற்றில் கை வைக்கக் கூடாது. ரூம் வகையைப் பொறுத்துக் கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியிலும் வெட்டக் கூடாது. அப்படிப்பட்ட இடமென்றால் பில்லிங்கில் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "வரம்புக்குள் ரூம் காலி இல்லை" என்று மேல் ரூமில் போட்டாலும் எழுத்தில் வாங்குங்கள், பின்னால் வாதாட வேறு ஆதாரம் கிடைக்காது.

சேர்வதற்கு முன் நெட்வொர்க் பட்டியலில் ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் பார்க்காமல் வளாகத்தையும் பாருங்கள். சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிக்கே வேலூர் டவுனிலும் வளாகம் இருக்கிறது, ராணிப்பேட்டை பக்கமும் இருக்கிறது. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால், முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சைக்கு 48 மணி நேரம் முன்பும், எமர்ஜென்சிக்கு அட்மிட் ஆகி 48 மணி நேரத்துக்குள்ளும் சொன்னால் கேஷ்லெஸ், அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டும் வசதி, கேட்கலாம். 2024-இல் வந்த ஏற்பாடு இது. ஓ.பி. பார்க்கக் கட்டியது பொதுவாக வராது. ஆனால் அதே நோய்க்கு அட்மிட் ஆனால், பெரும்பாலான பாலிசிகளில் முந்தைய 30 நாள், பிந்தைய 60 நாள் செலவைக் கேட்டு வாங்கலாம். பார்மசி ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். லாட்ஜ் வாடகைக்குப் பொதுவாக பாலிசியில் வழி இல்லை. வெளியூரிலிருந்து பெற்றோரைக் கூட்டிவருகிறவர்கள் அதைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் நாளில்தான் சேவையின் லட்சணம் தெரியும். ஃபைனல் பில் போனதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் அனுமதி வர வேண்டும் என்பது 2024 விதி. தாமதத்தால் ஏறும் கூடுதல் கட்டணம் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பொறுப்பு. பல சமயம் ஃபைல் ஆஸ்பத்திரி டெஸ்கிலேயே தூங்கிக்கொண்டிருக்கும், அந்த நேரம் இந்த மூன்று மணியில் சேராது. அதனால் பில் எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுத்த மருந்துக்குக் கழித்திருக்கிறார்களா, டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள தேதியும் பில்லில் உள்ள நாட்களும் ஒத்துப்போகிறதா என்று அந்த இடைவெளியில் பார்த்துவிடலாம். டிஸ்சார்ஜ் சேவைக்கு பத்துக்கு ஐந்து மார்க்தான்.

பாலிசியை கம்பெனி வருடாவருடம் புதுப்பிக்கிறது. அந்தச் சமயத்தில் எச்.ஆரிடம் இரண்டு கேட்கலாம்: ரூம் வரம்பைத் தொகையாக இல்லாமல் 'சிங்கிள் ஏ.சி. ரூம்' என்று எழுதுவது, கன்ஸ்யூமபிள்ஸ் கவர் சேர்ப்பது. வெட்டு நியாயமில்லை என்றால் முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஒவ்வொரு செலவையும் பிரித்து எழுதிய பிரேக்அப் பில், வெட்டுக்கான காரணம் எழுதிய கடிதம், பாலிசி நகல் மூன்றும் கையில் இருக்க வேண்டும். பாலிசி நகல் எச்.ஆரிடம்தான் இருக்கும், நோயாளியாகப் படுப்பதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.