ஒரே கருவி, நான்கு வழிகள்: வெறும் ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட்

வலையில் ஓடும் ஒரு சின்னக் கருவியை எதில் எழுதலாம் என்று கேட்டால், பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வேகத்தையும் கோப்பின் அளவையும் பற்றியே பேசுவார்கள். அந்த அளவுகோல் பாதிதான் சரி என்பது என் எண்ணம். எழுதி முடித்த பிறகும் சில வருடங்கள் அதோடு குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது. சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது, பிழை கண்டால் யார் காதில் போடுவது, அடுத்த பதிப்பில் தலைகீழாக மாறப்போகிறது என்றால் அதை முடிவு செய்கிறவர் யார்? இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் தேர்வு கொஞ்சம் வேறு மாதிரி அமைகிறது.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். ஒரு பெட்டி, அதில் தமிழில் தட்டத் தட்டக் கீழே எழுத்து எண்ணிக்கை மாறிக்கொண்டே வரும். வரம்பு தாண்டினால் எண் சிவப்பாகும். சேமித்தால் பக்கத்தில் வரைவுகளின் பட்டியல் வரும். இதை பிரௌசரின் சொந்த மொழியான ஜாவாஸ்கிரிப்டிலேயே எழுதலாம், அல்லது ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட் என்ற ஃபிரேம்வொர்க்குகளில் (தரவு மாறினால் திரையையும் மாற்றித் தரும் ஆயத்த நிரல் தொகுப்புகளில்) ஒன்றை வைத்து எழுதலாம். பார்க்க எளிது, ஆனால் நான்கு வழிகளும் எங்கே பிரிகின்றன என்று காட்டுவதற்கு இது போதும்.

வெறும் ஜாவாஸ்கிரிப்ட்

முதல் சிக்கல் எந்த லைப்ரரிக்கும் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரலுக்கும்) சம்பந்தமில்லாதது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் 5 என்று சொல்லும். ‘மி’யின் கொக்கியையும் ழகரத்தின் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. நமக்கு வேண்டிய 3 கிடைக்க ‘இன்ட்ல் செக்மென்ட்டர்’ என்ற வசதியைப் பயன்படுத்த வேண்டும். குரோமில் இது 2020-லேயே வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முன்பு இதே வேலைக்குத் தனி லைப்ரரி ஒன்றை இறக்க வேண்டியிருந்தது, இப்போது பிரௌசரே செய்கிறது. (அப்போதும் ‘க்ஷ’ இரண்டாகத்தான் எண்ணப்படும். அதை ஒன்றாகப் பார்க்கிறவர்கள் ஒரு வரி கூடுதலாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.)

எண்ணிக்கை காட்டுவதோடு கருவி முடிந்துவிட்டால் வேறெதுவும் தேவையில்லை. ஒரு நிகழ்வைக் கவனித்து ஓர் எண்ணை மாற்றுவதற்கு ஃபிரேம்வொர்க் வைப்பது வீண். வரைவுப் பட்டியல் வந்ததும் நிலைமை மாறுகிறது. ஒரு வரைவை அழித்தால் பட்டியல் குறைய வேண்டும், மொத்த எண்ணிக்கை மாற வேண்டும், திறந்திருந்த வரைவு அதுவாக இருந்தால் பெட்டியும் காலியாக வேண்டும். மூன்றையும் நீங்களே நினைவு வைத்து மாற்ற வேண்டும். ஒன்றை மறந்தால் திரை ஒன்று சொல்லும், உள்ளிருக்கும் தரவு வேறொன்று சொல்லும். ஃபிரேம்வொர்க்குகள் பிறந்ததே இந்த இடத்தில்தான்.

சமூகம் என்று பார்த்தால், வெறும் ஜாவாஸ்கிரிப்டுக்கு ஒரே கூடாரம் கிடையாது. மொழியின் போக்கைத் தீர்மானிப்பது டிசி39 என்ற குழு. ஒரு முன்மொழிவு பல படிகளைத் தாண்டி நான்காம் படிக்கு வந்தால்தான் மொழியில் சேரும். ஒவ்வொரு படியிலும் ஒருமித்த சம்மதம் வேண்டும். அதனால் நகர்வு மெதுவாக இருக்கும், ஆனால் வந்தது போகாது. முன்மொழிவுகளும் கூட்டக் குறிப்புகளும், நிரல்களைப் பகிர்ந்து சேர்ந்து எழுதும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வெளியாள் உள்ளே கைவைக்க நல்ல வழி, வலை நுட்பங்களை விளக்கும் எம்டிஎன் ஆவணங்கள். 2020 டிசம்பரிலிருந்து அவற்றின் உள்ளடக்கம் கிட்ஹப்பில்தான் இருக்கிறது. தவறாகக் கிடக்கும் ஒரு வாக்கியத்தைத் திருத்திப் புல் ரிக்வெஸ்ட் (அந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) அனுப்பினால், உலகம் முழுக்க நிரல் எழுதுகிறவர்கள் அதைப் படிப்பார்கள்.

ரியாக்ட்

2013 மே மாதம் ஃபேஸ்புக் இதைப் பொதுவில் விட்டபோது, எச்டிஎம்எல்லையும் ஜாவாஸ்கிரிப்டையும் ஒரே கோப்பில் கலப்பதா என்று முகம் சுளித்தவர்கள் நிறைய. இன்று வேலை விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது அதே ரியாக்ட்தான். நம் கருவியில் வரைவுகள் ஒரே இடத்தில் ஸ்டேட்டாக (ரியாக்ட் கவனித்துவரும் தரவாக) இருக்கும். அதை மாற்றினால் திரை தானாக மாறும். தமிழ்த் தட்டச்சிலும் எண்ணிக்கை உடனுக்குடன் நகரும். ஒரு எச்சரிக்கை: வரம்பைத் தாண்டியதும் உள்ளீட்டை வெட்டித் திருப்பி எழுத முயன்றால், பாதி உருவான எழுத்து குழம்பிப்போகும். சிவப்பாக்குவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ரியாக்டின் பெரிய பலமே அதன் கூட்டம். நீங்கள் முட்டிக்கொள்ளும் எந்தச் சுவரிலும் ஏற்கெனவே யாரோ முட்டிக்கொண்டு விடையும் எழுதிவைத்திருப்பார்கள். தொல்லையும் அங்கேதான் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் 16.8 பதிப்போடு ஹுக்ஸ் என்ற புதிய எழுதுமுறை வந்தது. அதற்கு முந்தைய விடைகளெல்லாம் கிளாஸ் என்ற பழைய முறையில் இருக்கும். புதிதாகத் தொடங்கப் பல வருடங்களாக எல்லோரும் பரிந்துரைத்த ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ 2025 பிப்ரவரியில் ஓய்வு கொடுக்கப்பட்டது. தேடினால் இன்னமும் அதைத்தான் முதல் படியாகச் சொல்லும் பாடங்கள் வந்து விழுகின்றன. ஆகவே ரியாக்ட் கற்கிறவருக்கு விடை கண்டுபிடிப்பது பெரிய திறமை இல்லை, விடையின் வயதைக் கணிப்பதுதான் திறமை.

முடிவெடுப்பது யார் என்ற கேள்விக்கு ரியாக்டின் வரலாற்றில் ஒரு சுவாரசியமான அத்தியாயம் உண்டு. அதன் பழைய உரிமத்தில் காப்புரிமை தொடர்பான ஒரு கூடுதல் விதி ஒட்டியிருந்தது. 2017-இல், பல திறமூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை அந்த உரிமம் கொண்ட நிரலைத் தன் திட்டங்களில் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. விவாதம் சூடுபிடித்தது, வேர்ட்பிரஸ்ஸும் விலகப்போவதாக அறிவித்தது. கடைசியில் அதே ஆண்டு செப்டம்பரில் ரியாக்ட் 16, கட்டுப்பாடு குறைந்த எம்ஐடி உரிமத்தோடு வந்தது. வெளியே இருந்தவர்கள் குரல் கொடுத்து ஒரு பெரிய நிறுவனத்தை மாற வைத்தார்கள் என்று இதைப் படிக்கலாம். அவ்வளவு பெரிய குரல்கள் கூடித்தான் மாற்ற முடிந்தது என்றும் படிக்கலாம். 2025 அக்டோபரில் ரியாக்டை லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் ஒரு தனி அமைப்புக்கு மாற்றுவதாக ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அறிவித்தது. நல்ல செய்தி. ஆனாலும் தனியாக ஒரு சின்னக் கருவி எழுதுகிறவர் ரியாக்டின் உட்கருவில் ஒரு மாற்றம் கொண்டுவருவது இன்றும் கல்லில் நார் உரிக்கிற காரியம்தான்.

வியூ

தமிழில் தட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. வியூவில் உள்ளீட்டுப் பெட்டியைத் தரவோடு இணைக்க ‘வி-மாடல்’ என்று ஒரு வசதி உண்டு; எல்லாப் பாடங்களும் அதைத்தான் கற்றுக்கொடுக்கும். ஆங்கிலத்தில் தட்டினால் எண்ணிக்கை சீராக ஓடும். ஒலிபெயர்ப்பு முறையிலோ சில கைபேசி விசைப்பலகைகளிலோ தமிழ் தட்டினால், சொல் முடியும்வரை எண் அசையாமல் நிற்கும், இடைவெளி விட்டதும் ஒரே தாவாகத் தாவும். நிரலில் பிழையோ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். எழுத்துகள் இன்னும் கோக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போது மதிப்பை மாற்றக் கூடாது என்று வியூ வேண்டுமென்றே காத்திருக்கிறது. சீனம், ஜப்பானியம், கொரிய மொழிகளை மனத்தில் வைத்து எடுத்த முடிவு அது. பெட்டியின் மதிப்பைத் தனியாகக் கொடுத்து, உள்ளீட்டு நிகழ்வைத் தனியாகக் கவனித்தால் சரியாகிவிடும்.

இந்தத் தீர்வு எங்கே கிடைக்கிறது தெரியுமா? வியூவின் அதிகாரபூர்வ ஆவணத்திலேயே, படிவங்கள் பற்றிய பக்கத்தில், குறிப்பாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு சமூகத்தின் குணத்தை எடைபோட எனக்கு இது ஒன்றே போதும். ஆவணத்தை இவ்வளவு அக்கறையாக வைத்திருக்கும் இடத்தில் புதிதாக வருகிறவருக்கும் மரியாதை இருக்கும்.

வியூவைத் தொடங்கியவர் இவான் யூ. 2014-இல் வெளியிட்டார். பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை, ஆதரவாளர்கள் தரும் பணத்தில் ஓடுகிறது. ஒருவர் வெளியிட்ட கருவி என்பதால் ஒருவர் முடிவே எல்லாம் என்று நினைத்துவிடக் கூடாது. 2019-இல் புதிய எழுதுமுறைக்கான முன்மொழிவு ஒன்று பொதுவில் வைக்கப்பட்டபோது பயனர்கள் கொதித்தெழுந்தார்கள். தாங்கள் கற்ற முறை கைவிடப்படும் என்ற பயம். பழைய முறையும் அப்படியே தொடரும் என்று உறுதி சொன்ன பிறகுதான் அலை அடங்கியது. 2020 செப்டம்பரில் வந்த வியூ 3-இல் இரண்டு முறைகளும் இருக்கின்றன. ஆனால் 2-இலிருந்து 3-க்கு மாறுவது எல்லோருக்கும் சுலபமாக அமையவில்லை. நம்பியிருந்த துணை லைப்ரரிகள் வந்து சேர நாளானது. வியூ 2-க்கான ஆதரவு 2023 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது.

ஸ்வெல்ட்

மற்றவை பயனரின் பிரௌசரில் ஓடும்போது செய்யும் வேலையில் பெரும்பகுதியை ஸ்வெல்ட் முன்கூட்டியே, பில்ட் செய்யும்போதே (எழுதிய நிரலை வெளியிடத் தயாராக்கும்போதே) முடித்துவிடுகிறது. அதனால் நம் எழுத்தெண்ணி போன்ற சின்னக் கருவிக்கு இறங்கும் கோப்பும் சின்னதாக இருக்கும். உள்ளீட்டை இணைக்கும் ‘பைண்ட்’ வசதி வியூவைப் போலக் காத்திருக்காது. தமிழில் தட்டினாலும் எண் உடனே நகரும். ஸ்வெல்டை எழுதியவர் ரிச் ஹாரிஸ், செய்தி நிறுவனங்களில் ஊடாடும் வரைபடங்கள் செய்துகொண்டிருந்தவர். மெதுவான கைபேசியில் ஒரு வரைபடம் திறக்காமல் நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்த ஆள். கருவியின் ருசியில் அது தெரிகிறது. நான்கிலும் எழுதக் கை பரபரப்பது இதில்தான்.

அப்படியானால் இதையே எடுத்துக்கொள்ளலாமே என்றால், ஒரு யோசனை. ஸ்வெல்ட் தன் இலக்கணத்தையே மாற்றத் தயங்காது. 2019-இல் வந்த மூன்றாம் பதிப்பில் சாதாரண மாறியே மாயம்போல வேலை செய்தது. அதைப் பார்த்து மயங்கித்தான் பலர் வந்தார்கள். 2024 அக்டோபரில் வந்த ஐந்தாம் பதிப்பு ‘ரூன்ஸ்’ என்ற வெளிப்படையான குறிகளைக் கொண்டுவந்தது. பழைய முறையில் எழுதியது இன்னும் ஓடும். பெரிய நிரலுக்குப் புதிய முறை தெளிவானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முந்நூறு வரிக் கருவிக்கு அந்தப் பழைய எளிமைதான் அழகு. ரிச் ஹாரிஸ் 2021 முதல், வலைத்தளங்களை ஏற்றி நடத்தித் தரும் வெர்செல் நிறுவனத்தில் இருந்தபடி இதைக் கவனிக்கிறார். கூட்டம் சின்னது. அதனால் கிட்ஹப்பில் ஓர் இஷ்யூ (பிழைப் புகார்) போட்டால் மையக் குழுவில் ஒருவரே வந்து பதில் எழுதுவது இங்கே அபூர்வமில்லை. அதே காரணத்தால், கொஞ்சம் ஒதுக்குப்புறமான சிக்கல் என்றால் தேடினாலும் விடை கிடைக்காது. நீங்கள்தான் முதல் ஆளாக இருப்பீர்கள்.

இன்னொரு லைப்ரரியான எச்டிஎம்எக்ஸ் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு: திரையில் மாறுவதைச் சர்வரிலிருந்தே வாங்கிக்கொள்ளும் கருவிகளுக்கு அது மிக நல்லது. ஒவ்வொரு விசைக்கும் ஓர் எண் மாற வேண்டிய இந்தக் கருவிக்கு அது பொருந்தாது.

எங்கே கேட்பது?

நான்குக்கும் பொதுவாக மூன்று இடங்கள் உண்டு: கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, கிட்ஹப், அரட்டைக்கான டிஸ்கார்ட். 2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் கறார் எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே கேட்ட கேள்வி என்று சொல்லி மூடிவிடுவார்கள், புதியவருக்கு முகத்தில் அடித்ததுபோல இருக்கும். ஆனால் அந்தக் கறாரால்தான் பல வருடம் கழித்தும் அங்கே தேடினால் பொறுக்கியெடுத்த விடை கிடைக்கிறது. டிஸ்கார்டில் நேர்மாறு. அன்பாகப் பேசுவார்கள், நிமிடங்களில் பதில் வரும். அந்தப் பதில் தேடுபொறிக்குச் சிக்காது. அடுத்த வாரம் அதே கேள்வியோடு இன்னொருவர் வந்து நிற்பார். ஸ்வெல்ட், வியூ இரண்டிலும் அன்றாடப் பேச்சு பெரும்பாலும் டிஸ்கார்டில் நடப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அவசரத்துக்கு அங்கே கேளுங்கள், தப்பில்லை. விடை கிடைத்ததும் அதைக் கிட்ஹப் விவாதப் பகுதியில் நாலு வரியில் எழுதிவிடுங்கள்.

கேள்வியோ பிழைப் புகாரோ, எடுபடுவது ஒன்றுதான்: பிழையை மட்டும் காட்டும் மிகச் சிறிய நிரல். “என் எழுத்தெண்ணி வேலை செய்யவில்லை” என்று எழுதினால் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். ஒரே ஒரு பெட்டி, ஒரே ஒரு எண், எந்த விசைப்பலகை, எந்தப் பிரௌசர், ‘கொ’ என்று தட்டினால் என்ன வர வேண்டும், என்ன வருகிறது என்று வைத்தால் அதைத் தொடாமல் போகிறவர் குறைவு. வியூவும் ஸ்வெல்டும் பிரௌசரிலேயே எழுதிப் பார்த்து இணைப்பாகப் பகிரும் தளத்தைத் தாங்களே வைத்திருக்கின்றன. அந்த இணைப்பைப் புகாரோடு ஒட்டுவது அங்கே வழக்கம்.

பங்களிப்பு என்ற பெயரில் செய்யக்கூடாததற்கும் உதாரணம் இருக்கிறது. திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்க ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்டில் 2020-இல் பரிசாகக் கிடைக்கும் ஒரு சட்டைக்காக உப்புச்சப்பில்லாத புல் ரிக்வெஸ்டுகள் குவிந்தன. பராமரிப்பவர்கள் கொதித்துப்போனதும், விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் என்று விதியை நடுவிலேயே மாற்றினார்கள்.

சரி, என் தேர்வு. எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் வெறும் ஜாவாஸ்கிரிப்ட், இரண்டாம் பேச்சே இல்லை. வரைவுப் பட்டியலும் வேண்டும், தனி ஆளாகப் பராமரிக்கப் போகிறீர்கள் என்றால் வியூ, அந்த ஆவணத்துக்காகவே. உங்களோடு சேர்ந்து எழுத நாளை ஆள் தேட வேண்டிவரும் என்றால் ரியாக்ட். ஸ்வெல்டை, பதிப்பு மாறும்போது ஒரு வார இறுதியைக் கொடுக்க மனமுள்ளவர்களுக்குச் சொல்வேன். வியூவை எடுத்தால் வி-மாடலை மட்டும் முதல் நாளே மாற்றிவிடுங்கள், அப்புறம் அதைக் கைபேசியில் தமிழில் தட்டிப் பாருங்கள்.