திரையைப் பார்த்துத் துளைத்த பல்: பம்பலப்பிட்டியில் கணினி வழிகாட்டலுடன் செய்துகொண்ட உள்வைப்பு

கீழ்த்தாடையின் இடப்பக்கக் கடைவாய்ப் பல்லொன்றை ஆறு ஆண்டுகளுக்கு முன்பு பிடுங்கிய பின், அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டேன். பக்கத்துப் பல் மெல்ல மெல்ல வெற்றிடத்தை நோக்கிச் சாய்ந்தது. வலப்பக்கத்தால் மட்டுமே மென்று மென்று அந்தப் பக்கத்துத் தாடை மூட்டும் நோகத் தொடங்கியது. கடைசியில் இம்பிளான்ட், அதாவது தாடை என்பில் திருகைப் பதித்து அதன் மேல் பல் பொருத்தும் உள்வைப்பு, வைப்பதென்று முடிவெடுத்து, முதலில் வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். சிறிய எக்ஸ்ரே ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த கிழமையே வைத்துவிடலாம் என்றார்கள். கீழுதட்டுக்குப் போகும் நரம்பு அந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். அதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் இதே சிகிச்சைக்குப் பின் பல மாதங்கள் கீழுதடு விறைத்த நிலையில் தேநீர் குடிக்கவே சிரமப்பட்டதைக் கண்டிருந்தபடியால், முற்பணம் கட்டாமல் திரும்பிவிட்டேன்.

கணினி வழிகாட்டலுடன் உள்வைப்புச் செய்யும் இடம் ஒன்று கொழும்பு பம்பலப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் இருப்பதாக உறவினர் ஒருவர் சொல்லித்தான் அங்கு போனேன். முதல் நாள் வாய்க்குள் சிகிச்சை எதுவுமே செய்யவில்லை. முப்பரிமாண ஸ்கேன் எடுத்தார்கள். நாற்பது நிமிடம் உட்கார வைத்துப் பேசினார்கள். இந்த ஸ்கேனுக்கு நோயாளி படுக்கத் தேவையில்லை. நின்றபடியோ இருந்தபடியோ இருக்க, கருவி தலையைச் சுற்றி ஒருமுறை வரும். வைத்தியசாலைகளில் எடுக்கும் வழக்கமான சீ.ரீ. ஸ்கேனைவிடக் கதிர்வீச்சும் பொதுவாகக் குறைவு. அதற்கு முன்பாக, வெந்நீரில் இளக்கிய ஒரு பிளாஸ்ரிக் கவ்வியைப் பற்களின் மேல் அழுத்தி, என் பல்வரிசையின் வடிவத்துக்கே இறுக வைத்தார்கள். அதற்குள் பதிந்திருந்த சிறிய உலோக மணிகளின் பயன் சத்திரசிகிச்சை நாளில்தான் புரிந்தது.

இரண்டாம் முறை போனபோது வைத்தியர் என் தாடையின் குறுக்குவெட்டைத் திரையில் காட்டினார். நரம்பு ஓடும் குழாயைச் செம்மஞ்சள் கோடாகக் குறித்திருந்தார். என்பின் மேல்விளிம்பிலிருந்து அந்தக் கோடுவரை 13 மில்லிமீற்றர். வைக்கத் தீர்மானித்த டைட்டேனியத் திருகின் நீளம் 10 மில்லிமீற்றர். நரம்புக்கு மேலே குறைந்தது 2 மில்லிமீற்றர் இடைவெளி விடுவது இத்துறையின் வழக்கம் என்றும், சில வகைத் துளைகருவிகளின் கூர்முனை திருகின் நீளத்தைவிடச் சற்று ஆழமாகவே இறங்குவதால் அதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும் என்றும் விளக்கினார். பிறகு வரப்போகும் பல்லின் வடிவத்தை முதலில் திரையில் வைத்து, அது மேல்வரிசைப் பல்லுடன் எங்கே பொருந்தும் என்று பார்த்து, அதற்குக் கீழே திருகு எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்று தீர்மானித்தார். மேலிருந்து கீழாகத் திட்டமிடும் இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. என்பு கிடைத்த இடத்தில் திருகை இறக்கிவிட்டுப் பிறகு பல்லை அதற்கேற்ப வளைத்துப் பொருத்துவதற்கும் இதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. கோணலாக நிற்கும் திருகின் மேல் பொருத்தும் பல்லின் அடியில் உணவு தங்குவதும், காலப்போக்கில் முரசு அழற்சியடைவதும் பலருக்கு நேர்கிறது.

சத்திரசிகிச்சை நாளன்று விறைக்கும் ஊசி போட்ட பிறகு, அந்தப் பழைய கவ்வியை மறுபடியும் பற்களில் மாட்டி, அதிலிருந்து வெளியே நீளும் சிறு கைப்பிடியில் புள்ளிகளும் கோடுகளும் வரைந்த ஓர் அடையாளத் தகட்டைப் பொருத்தினார்கள். துளையிடும் கருவியின் பின்புறத்திலும் அதுபோன்ற ஒன்று இருந்தது. தலைக்கு மேலே நின்ற இரட்டைக் கமெரா இரண்டையும் தொடர்ந்து கவனித்தபடி இருக்க, உலோக மணிகள் ஸ்கேனில் பதிந்திருந்த இடத்தை வைத்து, என் தாடை எங்கே, கருவியின் முனை எங்கே என்பதைக் கணினி கணித்துக்கொண்டது. நான் தலையை அசைத்தால் திரையில் தாடையும் கூடவே அசைந்தது.

துளையிடுவதற்கு முன் வைத்தியர் செய்த ஒரு காரியம்தான் எனக்கு முழு நம்பிக்கையையும் தந்தது. சுழலாத கருவியின் முனையைப் பக்கத்துப் பல்லின் மேட்டில் மெதுவாக வைத்து, திரையிலும் அது அதே மேட்டில் நிற்கிறதா என்று பார்த்தார். வேறொரு பல்லிலும் அப்படியே தொட்டுப் பார்த்தார். இரண்டாவதில் சிறிய விலகல் தெரிந்ததும், கவ்வியைக் கழற்றி மீண்டும் அழுத்தி மாட்டி, முதலிலிருந்து எல்லாவற்றையும் சரிபார்த்தார். இதில் பதினைந்து நிமிடம் போனது. வாயைத் திறந்தே வைத்திருந்த எனக்கு அது நீண்ட நேரம்தான். “அன்ரி, இன்னும் கொஞ்ச நேரம்தான், பயப்பிடாதேங்கோ” என்று தாதிப் பிள்ளை தோளைத் தொட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தை மிச்சப்படுத்த நினைக்கும் வைத்தியரிடம் இந்த இயந்திரம் இருந்தும் பயனில்லை என்றே நான் கருதுகிறேன். கவ்வி ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் திரை காட்டுவது முழுவதும் பொய்யாகிவிடும், அதுவும் மிகத் துல்லியமாகத் தோன்றும் பொய்.

துளையிடுதல் மிக விரைவாக முடிந்தது. உப்புநீர் வாய்க்குள் இடைவிடாமல் பாய்ந்தது. என்பு 47 பாகை செல்சியஸுக்கு மேல் ஒரு நிமிடம் சூடேறினாலே அதன் உயிரணுக்கள் பாதிக்கப்படும் என்பதால் இந்தக் குளிர்ச்சி முக்கியமானது. அச்சு வார்ப்பாகச் செய்து பற்களின் மேல் மாட்டும் துளை வழிகாட்டி என்ற இன்னொரு முறையும் உண்டு. அதுவும் நல்ல முறைதான். ஆனால் அந்த வார்ப்பு துளையிடும் இடத்தை மூடிக்கொண்டிருப்பதால் நீர் உள்ளே போவது சற்றுக் கடினம், கடைவாயில் நீண்ட கருவியை நுழைக்க வாயை மிக அகலத் திறக்கவும் வேண்டும். என்னைப் போல வாயை அதிகம் திறக்க முடியாதவர்களுக்குத் திரை வழிகாட்டல் அந்த வகையில் உதவியானது. இடையில் என்பு எதிர்பார்த்ததைவிட மென்மையாக இருந்தால் திட்டத்தை அங்கேயே மாற்றிக்கொள்ளவும் முடியும். துளைகருவியின் அளவு மாறும் ஒவ்வொரு தடவையும் அதன் நீளத்தைக் கணினிக்கு மறுபடி காட்டினார்கள். உதவியாளர் ஒருமுறை கமெராவுக்குக் குறுக்கே கையை நீட்டியபோது திரை உறைந்து நின்றது. வைத்தியரும் உடனே கருவியை நிறுத்தினார்.

எனக்கு என்பின் அகலமும் முரசின் தடிப்பும் போதுமானதாக இருந்தபடியால், முரசை நீளமாக வெட்டி விரிக்காமல் சிறு வட்டத் துளையினூடாகவே திருகை வைத்தார்கள். தையல் இல்லை. அன்றிரவு வீக்கம் மிகச் சிறிதாகவே இருந்தது; மறுநாள் காலை இடியப்பத்தைச் சொதியில் நன்றாக ஊறவைத்துச் சாப்பிட்டேன், வலிக் குளிசை இரண்டு நாளுக்கு மேல் தேவைப்படவில்லை. என்பு மெலிந்திருப்பவர்களுக்கு இப்படிச் செய்ய முடியாது, அவர்களுக்கு முரசைத் திறந்து என்பு நிரப்ப வேண்டியும் வரலாம். ஆகவே “வெட்டில்லாச் சத்திரசிகிச்சை” என்ற விளம்பர வரியை எல்லோருக்குமான வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

துல்லியத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதுவரை வெளிவந்த ஆய்வுகளில், இம்முறையில் வைத்த திருகு திட்டமிட்ட இடத்திலிருந்து சராசரியாக ஏறத்தாழ 1 மில்லிமீற்றரும், சாய்வில் ஏறத்தாழ 4 பாகையும் விலகி நிற்கிறது. கைக்கணிப்பில் வைக்கும்போது விலகல் இதைவிடத் தெளிவாகவே அதிகம். விலகலே இல்லை என்று சொல்பவரை நம்ப வேண்டாம். அந்த 2 மில்லிமீற்றர் இடைவெளி இதற்காகத்தான்.

கணினியால் குறைக்க முடியாத ஒன்று காத்திருப்பு. டைட்டேனியத்தோடு என்பு ஒன்றிப் பிணைகிறது என்பதை ஸ்வீடன் நாட்டின் பேர்-இங்வார் பிரானெமார்க் முயல்களில் செய்த ஆய்வின்போது கண்டு, 1965இல் முதல் மனிதருக்கு உள்வைப்புச் செய்தார். அந்தப் பிணைப்புக்கு என்பு எடுத்துக்கொள்ளும் காலம் இன்றும் மாதக் கணக்கில்தான். எனக்குப் பெப்ரவரியில் திருகு, ஜூனில் பல். நீரிழிவு இருப்பதால் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைப் பார்த்த பின்பே நாள் குறித்தார்கள். புகைத்தலையும் வெற்றிலை, புகையிலையையும் பற்றிக் கண்டிப்பாகக் கேட்டார்கள். என்புத் தேய்வுக்கு மருந்து எடுக்கும் பெண்கள் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அவற்றுள் சில தாடை என்பு ஆறுவதைத் தடுக்கக்கூடியவை.

குறைகளும் உண்டு. முதலில் சொன்ன கட்டணத்தில் மேலே பொருத்தும் பல்லின் விலை சேர்ந்திருக்கவில்லை என்பது ஜூன் மாதம்தான் தெரிந்தது. கேட்டபோது மன்னிப்புக் கோரினார்கள், ஆனால் தொகை தொகைதான். வழிகாட்டலுக்கென்று வாங்கிய மேலதிகக் கட்டணம் சாதாரண உள்வைப்பின் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நரம்புக்கு அருகிலான கீழ்க்கடைவாய்க்கும், மேல்தாடையில் காற்றறைக்கு அருகிலான இடத்துக்கும், பல பற்களை ஒன்றாக வைப்போருக்கும் அந்தப் பணம் தகும் என்பது என் எண்ணம். அகலமான என்பில், நரம்புக்கு வெகு தூரத்தில், கைதேர்ந்த ஒருவர் வைக்கும் ஒற்றைப் பல்லுக்கு இது அவசியமா என்பதை வைத்தியரிடம் நேராகவே கேளுங்கள். எனக்கு வைத்தவர் அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கவில்லை. அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவர் என்பதையும், இம்முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்பதையும் நான் முன்பே கேட்டு அறிந்திருந்தேன்.

என்னை உண்மையில் வருத்தியது வேறு. சம்மதப் படிவம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் மட்டுமே இருந்தது. தமிழர் பெருமளவில் வாழும் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவே இருக்கும் ஓர் இடத்தில், நரம்பு பாதிப்பு ஏற்படலாம் என்ற வரியை வாசிக்க முடியாமலே ஒரு தமிழ் மூதாட்டி கையொப்பமிடுவதை என் கண்முன்னே பார்த்தேன். தாதிப் பிள்ளை வாயால் விளக்கினார்தான், ஆனாலும் எழுத்தில் இருப்பதைத் தானே வாசிக்கும் உரிமை அவருக்கு உண்டு. கடைசி முறை போனபோது அந்த இரண்டு பக்கங்களையும் நானே தமிழாக்கி, தட்டச்சுச் செய்து வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு வந்தேன். வைத்தியர் வாசித்துப் பார்த்துவிட்டு அச்சிடுவதாகச் சொன்னார். டிசம்பரில் ஆறு மாதப் பரிசோதனைக்குப் போகும்போது, பல்லைக் காட்டுவதற்கு முன் அந்தப் படிவம் மேசையில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.